பாலிடெக்னிக் நெட்வொர்க் லேப்: அன்றும் இன்றும்

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, அது கிடைத்த முதல் சில நகரங்களில் சென்னையும் ஒன்று. அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா சேர்ந்த பையன், மூன்று ஆண்டுப் படிப்பை முடித்து வெளியே வரும்போதுகூட இணையத்தைக் கண்ணால் பார்த்திருப்பான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நெட்வொர்க் இயங்கும் விதத்தை விளக்கும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளையும் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தடங்கலின்றி ஒப்பிப்பான். இன்று அதே படிப்பில் சேரும் பிள்ளை, கையில் இணையத்தோடுதான் வகுப்புக்குள் நுழைகிறது. ஆனால் பலரும் அதுவரை ஒரு நெட்வொர்க் கேபிளைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்று பார்க்காத ஒன்றைப் படித்தார்கள். இன்று அதற்குள்ளேயே வாழ்ந்துகொண்டு படிக்கிறார்கள். இந்த முப்பது ஆண்டுகளில் நெட்வொர்க் படிப்பு நல்லதற்குத்தான் மாறியிருக்கிறது என்பது என் முடிவு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இன்று திறந்திருக்கும் கதவு அன்று கிடையாது. ஆனால் வருகிற வழியில் ஒரு முக்கியமான பயிற்சியைக் கைவிட்டுவிட்டோம். கெட்டுப்போன நெட்வொர்க்கைக் கையாலும் கண்ணாலும் தேடிப் பழுதைப் பிடிக்கும் பயிற்சி அது. கிடைத்ததை விடாமல், விட்டதையும் மீட்க வேண்டும் என்பதற்காகவே இந்த அன்றும் இன்றும்.

செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த லேப்

அன்றைய கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தூசி பட்டால் கணினி கெட்டுவிடும் என்ற பயம். முதல்வர் அறையை விட்டால் கல்லூரியில் ஏ.சி. ஓடும் இடம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு நாவெல் நெட்வேர் சர்வர். அதைச் சுற்றி வரிசையாகக் கணினிகள். சிலவற்றில் ஹார்ட் டிஸ்க்கே இருக்காது. நெட்வொர்க் கார்டில் செருகிய பூட் ரோம் சில்லு வழியாக சர்வரிலிருந்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுதான் அவை இயங்கும். சர்வர் எழுந்தால்தான் மற்றவை எழும். ஒரு கணினிக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

இவற்றையெல்லாம் இணைத்தது கறுப்பு நிற கோ-ஆக்சியல் கேபிள். ஒவ்வொரு கணினியின் பின்னாலும் ஒரு டி-கனெக்டர். ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கேபிள் ஓடிக்கொண்டே போகும். இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மூடியிருக்க வேண்டும். ஒரே ஓட்டம் 185 மீட்டரைத் தாண்டக் கூடாது. 30 இணைப்புக்கு மேல் மாட்டக் கூடாது. வேகம் நொடிக்கு 10 மெகாபிட். அதையும் வரிசையில் இருக்கும் அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். யாராவது காலால் இடறி நடுவில் ஒரு இணைப்பு கழன்றால், சரத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்து மொத்தப் பூவும் சிந்துவதைப் போல அந்த வரிசை முழுவதும் நின்றுவிடும்.

அப்போது லேப் உதவியாளர் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வருவார். நடுவில் ஒரு கணினியிடம் போய் டி-கனெக்டரைப் பின்னாலிருந்து உருவி, அதன் நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் இடையே மின்தடையை அளப்பார். இரு முனை டெர்மினேட்டர்களும் இணையாகச் சேர்ந்து 25 ஓம் காட்டினால் கேபிள் முழுசாக இருக்கிறது. 50 காட்டினால் ஏதோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. எந்தப் பக்கம்? இடது கேபிளைக் கழற்றி அளப்பார்; பிறகு வலது கேபிளைக் கழற்றி அளப்பார். கெட்ட பக்கம் தெரிந்ததும் அந்தப் பக்கத்தின் நடுவுக்குப் போய் மறுபடி அதே வேலை. முப்பது கணினி இருந்தாலும் நான்கைந்து இடங்களில் அளந்தால் பழுது மாட்டிக்கொள்ளும். சுற்றி நின்று பார்த்த மாணவர்கள் பாடத்திட்டத்தில் எழுதப்படாத ஒன்றை அங்கே கற்றுக்கொண்டார்கள். எங்கோ இருக்கும் கோளாறை, அது இருக்கக்கூடிய இடத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய்ப் பிடித்துவிடலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஹப்பும், நான்கு ஜோடி முறுக்குக் கம்பிகள் கொண்ட யுடிபி கேபிளும் லேபுக்கு வந்தன. ஒரு கேபிள் போனால் ஒரு கணினி மட்டும்தான் நிற்கும் என்பதே அன்று பெரிய நிம்மதி. கூடவே கிரிம்பிங் வந்தது. மேலுறையை அரை அங்குலம் சீவி, முறுக்கைப் பிரித்து, எட்டுக் கம்பிகளையும் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று வரிசைப்படுத்தி, ஒரே மட்டமாக வெட்டி, ஆர்ஜே-45 கனெக்டருக்குள் தள்ளி அழுத்த வேண்டும். வகுப்பில் எல்லோருக்கும் ஒரு கேள்வி எழும்: பச்சை ஜோடியை ஏன் நடுவில் பிரித்து மூன்றிலும் ஆறிலும் போட வேண்டும்? ஜோடி ஜோடியாக வரிசையாகவே போட்டால் என்ன?

போட்டுப் பார்த்தவர்களுக்கு விடை கிடைத்தது. கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனால் நெட்வொர்க் தடுமாறும். பெரிய ஃபைல் அனுப்பினால் பிழை மேல் பிழை வரும். காரணம், சிக்னல் போகவும் வரவும் வேண்டிய இரு கம்பிகள் ஒன்றோடொன்று முறுகியிருந்தால்தான் வெளி இரைச்சல் அடங்கும். மூன்றும் ஆறும் ஒரே ஜோடியாக இல்லாவிட்டால் முறுக்கின் பலன் போய்விடும். மின்தொடர்பு இருப்பது வேறு, நெட்வொர்க் இருப்பது வேறு என்பதை அந்த ஒரு கேபிள் சொல்லிக்கொடுத்தது.

ஒரு ரௌட்டர், ஒரு பேட்ச்

1998-ல் சிஸ்கோ நிறுவனம் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வைக் கொண்டுவந்தது. 2000 ஜூலையில் சென்னையில் டைடல் பார்க் திறந்தது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை என எங்கு பார்த்தாலும் மாடிப்படி ஓரத்தில் நெட்வொர்க் பயிற்சி நிலையங்களின் போர்டு தொங்கியது. பாலிடெக்னிக்கில் டேனன்பாம் எழுதிய தடித்த ஆங்கிலப் புத்தகத்தின் நூலகப் பிரதிக்குப் போட்டி. வெளியே பயிற்சி நிலையத்தில் டாட் லாம்லியின் சிசிஎன்ஏ வழிகாட்டியின் ஜெராக்ஸ் பிரதிக்குப் போட்டி. கல்லூரி கோட்பாட்டைக் கற்பித்தது. கருவியைத் தொட வேண்டுமென்றால் வெளியே தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. கட்ட முடியாதவர்கள் ரௌட்டரைப் புத்தகப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதினார்கள்.

பணம் கட்டியவர்களுக்கும் கிடைத்தது பெரும்பாலும் சிஸ்கோ 2500 வரிசை ரௌட்டர்தான். அதில் 2501 என்ற மாடலுக்கு இரண்டு சீரியல் போர்ட், ஒரு ஈதர்நெட் போர்ட், ஒரு கன்சோல், ஒரு துணை போர்ட், அவ்வளவுதான். ஈதர்நெட் போர்ட்டில் இன்றைய கேபிளை நேரடியாக மாட்ட முடியாது. இடையில் ஒரு டிரான்சீவர் செருக வேண்டும். இப்படி இரண்டு ரௌட்டரை முதுகோடு முதுகாக சீரியல் கேபிளால் இணைத்தால் அது ஒரு லேப். ஒரு பேட்ச் முழுவதும் அதற்கு முறை வைத்துக் காத்திருக்கும்.

முறை வந்ததும் கையில் கிடைப்பது குறைந்த நேரம். அதனால் முந்தின நாளே கட்டளைகளை நோட்டில் எழுதி, எந்த போர்ட்டுக்கு எந்த முகவரி, சப்நெட் மாஸ்க் என்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். ரௌட்டரின் போர்ட்டுகள் பிறக்கும்போதே மூடிய நிலையில்தான் இருக்கும். 'நோ ஷட்டவுன்' கொடுத்தால்தான் திறக்கும். இரண்டு ரௌட்டரையும் நேராக இணைக்கும்போது ஒரு பக்கம் கடிகாரத் துடிப்பைக் கொடுக்க வேண்டும். 'கிளாக் ரேட் 64000' என்று அடிக்காவிட்டால் இணைப்பு எழாது. வேலையில் சேர்ந்த பிறகு லீஸ்டு லைன் வைத்த வாடிக்கையாளரிடம் போனால் அந்தத் துடிப்பு தொலைபேசி நிறுவனத்தின் மோடத்திலிருந்து வரும். லேபில் அதைத் தானே கொடுத்துப் பழகியவனுக்கு, வாடிக்கையாளர் இடத்தில் லைன் எழாதபோது யாரைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

காத்திருந்ததில் ஒரு நன்மையும் இருந்தது. முன்னால் இருப்பவன் தப்பு செய்யும்போது பின்னால் நிற்கும் ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவனுடைய பிழை ஐந்து பேருக்குப் பாடமானது.

புள்ளியும் ஆச்சரியக்குறியும்

அன்றும் இன்றும் மாறாத ஒரு காட்சி உண்டு. ரௌட்டரில் முகவரிகளையெல்லாம் கொடுத்து முடித்து முதன்முதலாக 'பிங்' அடிப்பது. சிஸ்கோ ரௌட்டர் ஐந்து பாக்கெட்டுகளை அனுப்பும். பதில் வந்தால் ஒரு ஆச்சரியக்குறி, வராவிட்டால் ஒரு புள்ளி. முதல் தடவை திரையில் பெரும்பாலும் ஒரு புள்ளியும் நான்கு ஆச்சரியக்குறிகளும் வரும். வெற்றி 80 சதவீதம் என்று கீழே எழுதியிருக்கும். மறுபடி அடித்தால் ஐந்தும் ஆச்சரியக்குறி.

அந்த முதல் பாக்கெட் எங்கே போயிற்று? அன்று கேட்டால், “விடுப்பா, முதல் ஒன்று அப்படித்தான் போகும்” என்று பதில் வரும். விவரம் தெரிந்த சார் கிடைத்தவர்களுக்கு மட்டும் காரணம் கிடைத்தது. போய்ச் சேர வேண்டிய கருவியின் ஐபி முகவரி தெரியும். ஆனால் கம்பியில் அனுப்ப அதன் வன்பொருள் முகவரியும் வேண்டும். அதை ஏஆர்பி என்ற நெறிமுறையால் கேட்டு வாங்கும் நேரத்தில் முதல் பாக்கெட் கைவிடப்படுகிறது. பதில் கிடைத்ததும் அட்டவணையில் குறித்துக்கொள்வதால் அடுத்தவை தடங்கலின்றிப் போகின்றன. இவ்வளவையும் அன்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுத்தான் விளக்க முடிந்தது. நம்பியவர்கள் நம்பினார்கள், மனப்பாடம் செய்தவர்கள் செய்தார்கள்.

அண்மையில் ஒரு பாலிடெக்னிக் லேபில் அதே கேள்வியை ஒரு மாணவி கேட்டாள். “சார், பிங் போகுது, ஆனா முதல் பாக்கெட் மட்டும் ஏன் போகல?” ஆசிரியர் பதில் சொல்லவில்லை. “சிமுலேஷன் மோடுக்குப் போய் இன்னொரு புது கம்ப்யூட்டருக்கு அடிச்சுப் பாரும்மா” என்றார். அவள் திரையில் நெட்வொர்க்கைப் போலியாக இயக்கிக் காட்டும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு சின்ன உறையாக, வகைக்கு ஒரு நிறத்தில், ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தது. பிங் உறை கிளம்பாமல் நிற்க, வேறு நிறத்தில் ஏஆர்பி உறை முன்னால் ஓடியது. எல்லாக் கருவிகளுக்கும் போய், ஒன்றே ஒன்றிடமிருந்து பதிலோடு திரும்பியது. உறையைச் சொடுக்கினால் உள்ளே அடுக்கு அடுக்காக விவரம். முன் தலைமுறை ஒப்பித்த அந்த ஏழு அடுக்குகள் அங்கே வரிசையாகத் தெரிந்தன. “அட, இதுதானா சார்?” என்று அவள் கேட்டபோது அந்தப் பாடம் அவளுக்கு ஆயுசுக்கும் சொந்தமாகிவிட்டது.

ஆளுக்கொரு நெட்வொர்க்

இன்றைய மாற்றத்தின் மையம் இதுதான். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி 1997-ல் தொடங்கியது. அதன் மாணவர்களுக்காக உருவான பாக்கெட் டிரேசரை இன்று யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு இலவசமாகப் பெறலாம். ஒரு சாதாரண மடிக்கணினியில் பத்து ரௌட்டர், இருபது ஸ்விட்ச் என்று ஒரு மாணவி தனக்கென்று ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கையே கட்டலாம். தப்பாகப் போனால் அழித்துவிட்டு மறுபடி கட்டலாம். கொரோனா காலத்தில் கல்லூரிகள் மூடிக்கிடந்தபோது நெட்வொர்க் லேபை வீட்டுக்குள் கொண்டுவர இப்படிப்பட்ட மென்பொருள்களே வழியாக இருந்தன. உண்மையான பாக்கெட்டுகளைப் பிடித்துப் பிரித்துப் பார்க்க வயர்ஷார்க் இருக்கிறது. 1998-ல் ஈத்தரியல் என்ற பெயரில் பிறந்து, 2006-ல் பெயர் மாறிய இலவச மென்பொருள் அது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் பாடங்கள் செலவில்லாமல் கிடைக்கின்றன. சப்நெட் கணக்கைத் தமிழில் பொறுமையாகச் சொல்லித்தரும் யூடியூப் காணொளிகள் ஏராளம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை, வகுப்பில் கைதூக்கிக் கேட்கக் கூச்சப்பட்ட சந்தேகத்தை இரவில் தன் மொழியில் கேட்டுத் தெளிந்துகொள்கிறது.

அரசின் கையும் இதில் உண்டு. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு, அரசு உதவிபெறும் பாலிடெக்னிக் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. டிப்ளமா மாணவிகளும் அதில் அடக்கம். 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்தது. ஒரு மாதப் பேருந்துச் செலவு, டேட்டா செலவு, ரெக்கார்டு நோட்டுச் செலவு ஆகியவற்றுக்கு வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை என்பது, படிப்பைப் பாதியில் நிறுத்தும் நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தக் குடும்பங்களே அறியும்.

பாடத்தில் போனவையும் வந்தவையும்

பாடமும் அடியோடு மாறியிருக்கிறது. டோக்கன் ரிங், எஃப்டிடிஐ என்று அன்று படம் போட்டுப் பாகம் குறித்தவை இன்று வரலாறு. சிசிஎன்ஏவில் ஒரு காலத்தில் கோலோச்சிய ஐஎஸ்டிஎன் போயிற்று; 2016-ல் ஃபிரேம் ரிலேயும் வெளியேறியது. ஹப்பின் இடத்தை ஸ்விட்ச் பிடித்துக்கொண்டதால், ஒரே கம்பியில் இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும் கதை பெரும்பாலும் புத்தகத்தில் மட்டும்தான்.

முகவரிப் பாடத்தில் வந்த மாற்றம் இன்னும் பெரியது. ஐபிவி4 தரும் மொத்த முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. நமது பகுதிக்கான பதிவகமான ஏபிநிக்கின் தாராள இருப்பு 2011 ஏப்ரல் 15 அன்றே தீர்ந்துவிட்டது. 2016-ல் ஜியோ வந்து கோடிக்கணக்கான கைப்பேசிகளை இணையத்தில் கொண்டுவந்தபோது அவற்றுக்கு ஐபிவி6 முகவரிகளே கைகொடுத்தன. இன்று இந்திய இணையப் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐபிவி6-ல்தான் இருக்கிறார்கள். ஆனால் பல வகுப்பறைகளில் இன்றும் ஏ, பி, சி என்று முகவரி வகுப்புகளை உருப்போடுவதிலேயே நேரம் கழிகிறது. அந்த வகுப்புமுறையை 1993-லேயே சிஐடிஆர் முறை ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. மாணவியின் கைப்பேசியிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஐபிவி6 அவளுடைய பாடத்தில் கடைசிப் பக்கத்தில் நிற்கக் கூடாது.

2020 பிப்ரவரியில் சிசிஎன்ஏ புதிய வடிவில் வந்தபோது, பாதுகாப்புக்கு 15 சதவீதமும் தானியக்கத்துக்கு 10 சதவீதமும் ஒதுக்கப்பட்டன. 2024-ல் செயற்கை நுண்ணறிவும் அதில் எட்டிப்பார்த்தது. நூறு ஸ்விட்சுக்கு ஒவ்வொன்றாகக் கட்டளை அடித்த காலம் போய், பைத்தானில் ஒரு நிரல் எழுதி நூறுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் காலம் இது. அன்று தவறாக அடித்த கட்டளை ஒரு ரௌட்டரைக் கெடுத்தது; இன்று தவறான நிரல் நூறையும் கெடுக்கும். அதனால் கோளாறு பிடிக்கத் தெரிந்தவரின் மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

சான்றிதழின் கதையும் சொல்ல வேண்டும். இரண்டாயிரங்களில் 'டம்ப்ஸ்' என்று வினா விடைத் தொகுப்பை மனப்பாடம் செய்து தேர்வில் தேறியவர்கள் ஏராளம். சான்றிதழ் கையில் இருக்கும். கன்சோல் கேபிளை எங்கே செருகுவது என்று தெரியாது. நிறுவனங்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டன. இன்று நேர்காணலில் மடிக்கணினியை முன்னால் தள்ளி, “இந்த நெட்வொர்க் ஓடவில்லை, சரிசெய்யுங்கள்” என்கிறார்கள். சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 டாலர். நம் பணத்தில் 25,000 ரூபாயைத் தாண்டும். கூலி வேலை செய்யும் வீட்டில் அது பல மாதச் சேமிப்பு. படிப்பதற்கான கருவிகள் இலவசமாகிவிட்டன. படித்ததை நிரூபிக்கும் சீட்டு மட்டும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

தெருவில் நடக்கும் பாடம்

இத்தனைக்கும் நடுவில் வேலை எங்கே இருக்கிறது? மென்பொருள் பூங்காக்களிலும் சிறுசேரி, அம்பத்தூர் டேட்டா சென்டர்களிலும் இருக்கிறது. அதே அளவுக்கு நம் தெருக்களிலும் இருக்கிறது. 2004-ல் மத்திய அரசின் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. இன்று ஊராட்சிகள் வரை ஃபைபர் கொண்டுபோகிறார்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பாரத்நெட் பணி டான்ஃபினெட் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-லேயே கடலடிக் கேபிள் போனது. 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கேபிள் போய்ச் சேர்ந்தது. உலகத்தோடு நம்மை இணைக்கும் கம்பி ஒவ்வொன்றையும் கடைசியில் ஒரு வீட்டுச் சுவரில் ஒருவர் வந்து பொருத்தியாக வேண்டும்.

அந்த ஆளின் வேலையை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது என்று புகார். வந்தவுடன் பவர் மீட்டரை மாட்டுகிறார். ஒளி வரவே இல்லை. தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் ஸ்பிளிட்டர் பெட்டியில் போய் அளக்கிறார், அங்கே இருக்கிறது. ஆக, கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் கோளாறு. கேபிளைக் கண்ணால் தொடர்ந்து போனால், மாமரக் கிளை உரசிய இடத்தில் மடங்கி உடைந்திருக்கிறது. அங்கேயே வண்டி சீட்டின் மேல் ஸ்பிளைசிங் மெஷினை வைக்கிறார். உறையைச் சீவி, கண்ணாடி இழையைச் சுத்தம் செய்கிறார். அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. கிளீவரில் செங்குத்தாக வெட்டி, இரு முனைகளையும் மெஷினில் எதிரெதிரே வைத்து மூடுகிறார். சின்னத் திரையில் இரு முனைகளும் நேர்கோட்டில் வந்ததும் ஒரு மின்பொறி. இரண்டு கண்ணாடியும் உருகி ஒன்றாகின்றன. இழப்பு எவ்வளவு என்று மெஷின் காட்டுகிறது. பாதுகாப்பு உறையைச் சூடேற்றிச் சுருக்கி முடித்து, வீட்டுக்குப் போய் மறுபடி அளக்கிறார்.

கோ-ஆக்சியல் காலத்து லேப் உதவியாளர் மல்டிமீட்டரோடு செய்த அதே வேலை இது. அளவி மாறியிருக்கிறது, கம்பி கண்ணாடியாகியிருக்கிறது. தேடும் முறை அப்படியே இருக்கிறது. ஆனால் இந்த வேலையை அவர் கற்றது கல்லூரியில் அல்ல. பெரும்பாலும் கேபிள் ஆபரேட்டரிடம் கூடப் போய், அண்ணன்மார்களின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். நெட்வொர்க் டிப்ளமா முடித்தவர் அந்த மெஷினைக் கல்லூரியில் பார்த்ததே இல்லை. மெஷினைப் பிடித்தவருக்கு, அந்த ஒளிக்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. இருவரும் ஒரே தொழிலின் இரண்டு பாதிகளாக நிற்கிறார்கள்.

மீட்க வேண்டியது

பாக்கெட் டிரேசர் நல்ல ஆசிரியர். அதில் ஒரு குறை மட்டும் உண்டு. அதில் கேபிளை எலி கடிக்காது. கனெக்டரில் ஒரு கம்பி சரியாக இறங்காமல் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்காது. மின்வெட்டு வந்து போன பிறகு ஸ்விட்ச் உறைந்து நிற்காது. ரேக்கில் தூசி படிந்து விசிறி நின்று சூடேறாது. களத்தில் சந்திக்கும் கோளாறுகளில் பெரும்பங்கு இப்படிப்பட்டவைதான். திரையில் மட்டும் பழகிய பிள்ளை, கட்டளையைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். சுவர் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் கேபிளைக் குனிந்து பார்க்கத் தோன்றாது. பிள்ளைமேல் தவறில்லை. குனிந்து பாரென்று நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை. செய்முறைத் தேர்வில் இன்று 'இன்ன நெட்வொர்க்கை அமைத்துக் காட்டு' என்று கேட்கிறோம். அதோடு, வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு நெட்வொர்க்கைக் கொடுத்து 'எங்கே பழுது, எப்படிக் கண்டுபிடித்தாய்' என்று ஒரு கேள்வி சேர்க்க வேண்டும். ஒரு மேசையில் ஜோடி மாற்றிக் கிரிம்ப் செய்த கேபிள், இன்னொன்றில் தவறான மாஸ்க், வேறொன்றில் ஒரே முகவரி கொண்ட இரண்டு கணினிகள். விடையைவிடத் தேடிய வழிக்கு மதிப்பெண் அதிகம் இருக்க வேண்டும். ஒரு பெட்டி யுடிபி கேபிள், நாலைந்து கிரிம்பிங் டூல், நிறுவனங்கள் கழித்துக்கட்டும் பழைய ஸ்விட்சும் ரௌட்டரும் இருந்தால் போதும். சென்னை ரிச்சி தெருவில் பழைய கருவிகள் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. ஃபைபர் ஸ்பிளைசிங்குக்கு உள்ளூர் ஆபரேட்டரையே ஒரு நாள் விருந்தினராக அழைக்கலாம். மாணவர்கள் அவரிடம் கை வேலை கற்பார்கள்; அவர் நம் வகுப்பில் உட்கார்ந்து அந்த ஃபைபருக்குள் ஓடும் ஜிபான் தொழில்நுட்பம் என்றால் என்ன என்று கேட்டுப் போகலாம்.

முன்னாள் மாணவர்களே, உங்கள் அலுவலகத்தில் பழசாகிப் போகும் ஸ்விட்சை எடைக்குப் போடும் முன் நீங்கள் படித்த பாலிடெக்னிக்கை நினைத்துப் பாருங்கள். முறைப்படி அனுமதி வாங்கி, அமைப்புகளை அழித்துவிட்டுக் கொடுங்கள். நிறுவனம் நடத்துபவர்களே, ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்காவது சான்றிதழ்த் தேர்வுக் கட்டணத்தைக் கட்டுங்கள். ஆசிரியர்களே, முதல் பாக்கெட் ஏன் போகவில்லை என்று கேட்கும் பிள்ளையை உட்கார்த்தித் திரையில் காட்டுங்கள். அதன் பிறகு லேபின் பின்பக்கம் அழைத்துப்போய் அந்தப் பாக்கெட் ஓடும் கேபிளையும் கையில் கொடுங்கள். திரையில் பார்த்ததையும் கையால் தொட்டதையும் சேர்த்துப் படித்த தலைமுறை நமக்கு இதுவரை வாய்க்கவில்லை. அதற்கு வேண்டிய எல்லாம் இப்போதுதான் ஒரே நேரத்தில் கைவசம் இருக்கிறது.